சும்மா கிடக்கும் சட்டி

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் கிணற்றடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே ஏழு மண்சட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கார்த்திகையிலிருந்து சித்திரை வரைக்கும் அவற்றில் எதுவுமே தெரியாது. காய்ந்த மண், மேலே ஒரு பிடி சருகு, ஓரத்தில் செருகிய மூங்கில் குச்சி, அவ்வளவுதான். "சட்டி சும்மா கெடக்குதே, ஒரு ரோஜாவ வைக்கப்படாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நான் பத்து வருஷமாக வளர்க்கப் பாடுபடும் செடி அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. வருஷத்தில் பாதிக்குமேல் அது கண்ணில் படாது. அந்த நாட்களில் அது உயிரோடு இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது.

செடியின் பெயர் ஓரிலைத்தாமரை. பெயரைச் சொன்னதும் பலபேர் "ஓரிதழ்தாமரையா, நாட்டுமருந்துக் கடையில் பொடியாகவே கிடைக்குமே" என்பார்கள். அது வேறு செடி. ஓரிதழ்தாமரை வயலோரத்திலும் தரிசிலும் முளைக்கும் சிறு பூண்டு. பூவில் ஒரே ஒரு இதழ் மட்டும் பெரிதாக, இளஞ்சிவப்பாக நீண்டிருக்கும். ஓரிலைத்தாமரை ஆர்க்கிட் குடும்பம். இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. இந்தக் குழப்பத்தில் யாராவது இதைப் போய்த் தோண்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஓரிலைத்தாமரையைத் தோண்டினால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்தவள் என்பதால் வந்த பயம் அது.

ஆர்க்கிட் என்றால் நம் ஆட்களுக்குக் கல்யாண மேடையில் கட்டும் ஊதாப் பூதான் ஞாபகம் வரும். கொஞ்சம் காடு பார்த்தவர்கள் மரக்கிளையில் தொற்றி வளர்வதைச் சொல்வார்கள். மண்ணுக்குள் கிழங்கு வைத்துத் தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. மரத்தில் தொற்றுபவை 757, தரையில் வளர்பவை 447. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தரையில்தான் இருக்கிறது. நாம் மேலே பார்த்தே நடக்கிறோம்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர். நடுநடுவே தென்னையும் அயனியும் நிற்கும் பழைய விளைகள். எங்கள் குடும்ப விளையின் மூலையில் ஒரு நாகர் காவு, அதாவது நாகருக்கென்று விட்டுவைத்த சின்னத் தோப்பு, இருந்தது. பத்து சென்ட்கூட வராது. ஏழிலைப்பாலை, காஞ்சிரம், இலுப்பை, அவற்றில் ஏறிய கொடிகள். உள்ளே யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், சருகு கூட்ட மாட்டார்கள். ஆயில்யத்துக்கு ஒரு விளக்கு, அத்தோடு சரி. அந்த இடத்தில்தான் நான் எட்டாவது படிக்கும்போது ஓரிலைத்தாமரையை முதலில் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆசான்தான் காட்டினார். வர்மம் பார்ப்பவர், பச்சிலை தெரிந்தவர். கோடை மழை இரண்டு பெய்து முடிந்த ஒரு சாயங்காலம், சருகுக்கு நடுவே ஒரு முழத்துக்கும் குறைவான ஒற்றைத் தண்டு நின்றது. அதில் ஐந்தாறு பூக்கள், இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், தலையைத் தொங்கவிட்டபடி. இலை ஒன்றுகூட இல்லை. மொட்டைத் தண்டில் பூ மட்டும்.

"எல எங்க ஆசானே?" என்று கேட்டேன்.

"பூ போன பொறவுதான் எல வரும். பூவப் பாத்தவன் எலையப் பாக்க மாட்டான், எலையப் பாத்தவன் பூவப் பாக்க மாட்டான். ரெண்டும் ஒண்ணுதாம்னு தெரியணும்னா இந்த எடத்துலயே கெடக்கணும்" என்றார்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் போய்ப் பார்த்தேன். பூத்தண்டு இருந்த தடயமே இல்லை. அந்த இடத்திலும் சுற்றிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வட்டமான இலைகள். ஒரு காம்பு, அதன் மேல் ஒரு இலை. உள்ளங்கையை விரித்தது போல அகலம், விசிறி மடிப்பு மடிப்பாக நரம்புகள், காம்பு சேரும் இடத்தில் இதய வடிவ வெட்டு. மழைத்துளி அந்த மடிப்புகளில் உருண்டு ஓடும். தாமரை என்று பெயர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆசான் சொன்ன அதே விஷயம் தாவரவியல் படித்தவர்களையும் நெடுங்காலம் திண்டாட வைத்திருக்கிறது. இந்தப் பேரினத்துக்கு நெர்விலியா என்று பெயர். லத்தீனில் நரம்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடக்கு, பசிபிக் தீவுகள் வரை இதன் வகைகள் பரவியிருக்கின்றன. சேகரிக்கப் போனவர் பூவோடு ஒரு செடியை எடுத்து உலர்த்தித் தாளில் ஒட்டுவார், அதில் இலை இருக்காது. இன்னொருவர் இலையோடு ஒட்டுவார், அதில் பூ இருக்காது. எந்த இலை எந்தப் பூவுக்குச் சொந்தம் என்று சேர்த்து வைப்பதே பெரிய வேலை. ஜெர்மானியரான ருடால்ஃப் ஷ்லெக்டர் 1911-இல் பல வகைகளை நெர்விலியா என்ற பெயரின் கீழ் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தினார். அவர் பெர்லினில் சேர்த்து வைத்திருந்த ஆர்க்கிட் தாள்கள் 1943-இல் குண்டுவீச்சுத் தீயில் எரிந்துபோயின. எங்கள் காவில் இருந்த வகை புத்தகங்களில் நெடுநாள் நெர்விலியா அரகோவானா என்று இருந்தது. இப்போது நெர்விலியா கான்கலர் என்று எழுதுகிறார்கள். நான் ஓரிலைத்தாமரை என்றே எழுதுகிறேன்.

2015-இல் விளையைப் பாகம் பிரித்தார்கள். காவு இருந்த மூலை வேறொரு பங்கில் போனது. வாங்கியவர் வீடு கட்ட நினைத்தார். அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாகரை முறைப்படி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆடி மாசம் இயந்திரத்தைக் கொண்டுவந்து மண்ணைப் புரட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு நான்கு நாள் அவகாசம் இருந்தது. மம்பட்டியை வைத்துவிட்டுச் சின்னக் களைக்கொத்தும் கையுமாகப் போனேன். மழையில் நனைந்துகொண்டே 14 செடிகளை எடுத்தேன். மிச்சத்தை எடுக்க முடியவில்லை. எத்தனை இருந்தன என்று எண்ணக்கூட அன்றைக்கு என்னால் ஆகவில்லை.

எடுக்கும்போதுதான் மண்ணுக்குள் நடப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் சுண்டைக்காய் அளவிலிருந்து சின்ன நெல்லிக்காய் அளவு வரை உருண்டையான வெள்ளைக் கிழங்கு. அதிலிருந்து பக்கவாட்டில் வெள்ளை நூல் போன்ற ஓடுதண்டுகள் ஒரு சாண், இரண்டு சாண் தூரம் ஓடுகின்றன. நுனியில் புதிதாக ஒரு கிழங்கு திரண்டுகொண்டிருக்கும். எவ்வளவு பதமாக எடுத்தாலும் அந்த நூல் அறுந்துவிடுகிறது. அறுந்ததும் ஒரு சொட்டு நீர் கசியும்.

நான் செய்த தவறு அந்த நாளிலேயே தொடங்கிவிட்டது, ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை. இந்தச் செடியை இடம் மாற்றச் சரியான காலம் மாசி, பங்குனி. அப்போது இலை இல்லை, ஓடுதண்டு இல்லை, கிழங்கு மட்டும் தூங்குகிறது. எடுத்து வைத்தால் அதற்கே தெரியாது. ஆனால் அந்த மாசத்தில் அது எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற ஆடி மாசத்தில் தொட்டால் இலை வாடிவிடும். தெரியும்போது தொடக்கூடாது, தொடலாம் என்கிறபோது தெரியாது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, இலை இருக்கும்போது பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு ஏழு மாசம் காத்திருப்பதுதான். எனக்கோ நான்கு நாள்தான் இருந்தது.

இலை வாடினால் என்ன, இன்னொன்று விடட்டுமே என்று தோன்றும். விடாது. இந்த இடத்தில்தான் ஓரிலைத்தாமரை மற்ற செடிகளிலிருந்து விலகி நிற்கிறது. போன வருஷக் கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் செலவழித்து இந்த வருஷ இலையை மேலே அனுப்புகிறது. அதோடு அது சுருங்கிச் செத்துவிடும். மேலே வந்த அந்த ஒற்றை இலை ஆனியிலிருந்து ஐப்பசி வரை வெயில் குடித்து, அடுத்த வருஷத்துக்கான கிழங்கை நிரப்ப வேண்டும். கூடுதலாக மிஞ்சினால் ஓடுதண்டு விட்டு இன்னொரு பிள்ளைக் கிழங்கு. ஒரு வருஷத்துக்கு ஒரு இலை, அந்த இலைக்கு நான்கைந்து மாசம், அவ்வளவே அதன் வரவு. புழு தின்றாலும், ஆடு கடித்தாலும், குழந்தை பறித்து விளையாடினாலும் அந்த வருஷம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வருஷம் கிழங்கு மிளகளவுக்குச் சிறுத்திருக்கும், இலை ஒரு ரூபாய் அளவுக்கு வரும், அல்லது வராது. கையில் இருப்பில்லாமல் அன்றாடம் பிழைக்கும் குடும்பத்தில் ஒருநாள் கூலி நின்றுபோனது போல.

14 செடிகளில் 9 ஆவணிக்குள் வாடிவிட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் நான் அடுத்த தவறைச் செய்தேன். தேங்காய்நார்க் கழிவும் மாட்டுச்சாண எருவும் கலந்து வைத்திருந்தேன், ரோஜாவுக்கு வைக்கிற மாதிரி. கார்த்திகையில் இலை பழுத்து மடிந்ததும், காய்ந்துவிடக்கூடாதே என்று கோடை முழுக்கத் தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். பாசத்தோடு ஊற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பங்குனியில் ஒரு சட்டியைக் கிளறிப் பார்த்தபோது கிழங்கு இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ் இருந்தது. வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. காட்டில் தையிலிருந்து பங்குனி வரை அந்த மண் தூசியாகக் காய்ந்து கிடப்பதை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்தவள். பார்த்ததைச் சட்டியில் செய்யத் தைரியம் வரவில்லை.

2016 ஆனியில் மூன்று இலை வந்தது. அந்த மூன்றையும் எப்படியாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று எருவை எடுத்துவிட்டு, ஆற்று மணல், அயனி மரத்தடியில் மக்கிய சருகு மண், கொஞ்சம் செங்கல் துண்டு என்று மாற்றினேன். கிழங்குகளோடு காவு மண்ணையும் ஒரு வாளி அள்ளி வந்திருந்தேன்; அதில் ஒரு பிடியை ஒவ்வொரு சட்டிக்கும் போட்டேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதனால் மழைநீர் மட்டும். கார்த்திகையோடு தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. மாசி வெயிலில் சட்டி மண் வெடித்துக் கிடக்க, கையில் செம்போடு அதன் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

அந்தக் கோடையில் ஒரு பயிற்சிக்காக இரண்டு மாசம் நான் திருச்சியில் இருந்தேன். திரும்பி வந்தபோது மூன்றில் ஒரு சட்டியைக் காணவில்லை. அதாவது சட்டி இருந்தது, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"சட்டி சும்மா கெடக்கேன்னு தண்டங்கீர பாவுனேன் மக்ளே. நல்லா வந்துச்சு. பறிச்சு முடிஞ்சதும் மண்ண பலா மூட்டுல தட்டிட்டேன்" என்றாள் அம்மா.

நான் அழுதுவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு செடியும் இல்லாத சட்டிக்கு இவள் எதற்கு அழுகிறாள் என்று அவள் திகைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் அவளிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூங்கில் குச்சி வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல். எங்கள் மாவட்டத்தில் அந்த இரவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கடலில் போனவர்களைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள், அதுதான் முறையும். மலையடிவாரத்தில் ரப்பர் மரங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. எங்கள் பலா மரம் தப்பித்தது, ஆனால் கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை விழுந்துவிட்டது. அதுவரை இருட்டாக இருந்த மரத்தடிக்கு அடுத்த வருஷம் காலை வெயில் சாய்வாக வந்தது.

2018 ஆனியில் ஒருநாள் பலாப்பழம் எடுக்கப் போன அம்மா அங்கிருந்தே கூப்பிட்டாள். மரத்தடியில், கீரைச் சட்டி மண்ணைத் தட்டிய இடத்தில், நான்கு இலை. சட்டியில் நான் பேணி வைத்திருந்ததைவிட அகலமாக, கரும்பச்சையாக. என் இரண்டு சட்டியிலும் அந்த வருஷம் ஆளுக்கு ஒன்றுதான்.

ஏன் அங்கே நன்றாக வந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் இடம். ஓடுதண்டு பக்கவாட்டில் ஓடும் செடி இது. ஆழமான குறுகிய சட்டியில் அது சுவரில் முட்டி வளைந்து வளைந்து, கடைசியில் சட்டியின் அடியில் போய்க் கிழங்கு வைக்கிறது. அடியில்தான் தண்ணீர் தேங்கும். தரையில் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்புறம், மரவேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடுகின்றன. தூங்கும் கிழங்குக்கு அது நல்லது. சருகு மூடியிருப்பதால் மண் கொதிக்காது. இப்போது நான் பயன்படுத்தும் சட்டிகள் எல்லாம் பழைய தயிர்ச்சட்டி போல வாயகன்று ஆழம் குறைந்தவை. கிழங்கை இரண்டு விரற்கடை ஆழத்தில் வைக்கிறேன். நடுப்பகல் வெயில் படாது, காலை வெயில் சல்லடையாக விழும்.

இன்னொரு காரணம் பூஞ்சை. இதைப் பற்றிச் சொல்லாமல் தரை ஆர்க்கிட்டைப் பற்றிப் பேச முடியாது. ஆர்க்கிட் விதை தூசியை விடக் கொஞ்சம் பெரியது. நெல்லிலும் பயறிலும் முளைக்குத் துணையாக இருக்கும் உணவு இதில் கிடையாது. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட சில பூஞ்சைகள் விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை முதலில் கண்டுகொண்டவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899-இல் ராணுவப் பணியில் இருந்தபோது, பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காட்டில், மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு தரை ஆர்க்கிட்டின் காய்க்குள் முளைவிட்டிருந்த விதைகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்குள்ளும் பூஞ்சை இழை. அப்போது அவருக்கு 25 வயது. 36 வயதில் காசநோயில் போய்விட்டார். பிறகு 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். கல்யாண மேடை ஆர்க்கிட்டுகள் லட்சக்கணக்கில் கிடைப்பதற்கு அந்த வழி திறந்ததுதான் காரணம். தரை ஆர்க்கிட்டுகள் பல அவ்வளவு எளிதாக அந்த வழிக்கு வரவில்லை. கண்ணாடிக் குடுவையில் முளைத்தாலும் மண்ணுக்கு மாற்றும்போது இறந்துவிடும். வளர்ந்த பிறகும் அவற்றின் வேருக்கும் பூஞ்சைக்குமான தொடர்பு முழுக்க அறுவதில்லை. ஒரு பிடி காவு மண் என் சட்டியில் என்ன செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மண் போடாத சட்டியில் ஒரு கிழங்கும் மூன்று வருஷம் தாண்டவில்லை.

2019 சித்திரை கடைசியில், கோடை மழை பெய்த ஒன்பதாம் நாள், பலா மரத்தடியில் ஒரு தண்டு மேலே வந்தது. முதல் நாள் முடங்கிய விரல் மாதிரி இருந்தது, நான்காம் நாள் ஒரு சாண். மொட்டு ஆறு எண்ணினேன். விடிந்து பார்த்தபோது அடிக்கட்டை மட்டும் நின்றது, பக்கத்தில் பளபளவென்று கோடு. ஆப்பிரிக்க நத்தை. எங்கள் பக்கம் இந்த ராட்சச நத்தை வந்தபிறகு வெற்றிலைக்கொடி, பப்பாளி, வாழைக்கன்று எல்லாவற்றுக்கும் பாடுதான். சாம்பல் தூவினேன், ஒரு மழையில் கரைந்துவிட்டது. உப்புப் போட்டால் நத்தை சாகும், மண்ணும் சாகும். கடைசியில் ராத்திரி எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதுதான் நிலைத்தது. தண்டு தலைகாட்டியதும் நுண்ணிய கம்பி வலையை உருளையாக வளைத்துச் சுற்றிலும் மண்ணில் அழுத்திவிடுவேன். அம்மாவுக்கு இப்போது 74 வயது, என்னைவிட அதிகம் பொறுக்குகிறாள்.

2020-இல் பூத்தது. ஊரடங்குக் காலம், பள்ளி இல்லை. ஒரு முக்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூ விரல்நுனி நீளம்தான். வெளியிதழ்கள் ஒல்லியாகப் பச்சை மஞ்சளில், நடுவே வெளிறிய உதட்டிதழ், அதில் பச்சைக் கோடுகள். முழுக்க விரியாது, பாதி திறந்து தலை குனிந்தே இருக்கும். நான்காம் நாள் வாடத் தொடங்கியது. ஆசான் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இறந்துவிட்டார். அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

அவர் இதை எந்த நோய்க்குக் கொடுத்தார் என்று பலர் கேட்கிறார்கள். சொல்லப்போவதில்லை. அவர் எடுக்கும்போது இலை வாடிய பிறகு, மூன்றில் ஒன்று மட்டும் எடுப்பார், எடுத்த குழியை மூடிச் சருகைத் திரும்பப் பரப்புவார். அந்த ஒழுங்கு இல்லாதவர்கள் கையில் பெயரும் பயனும் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. சீனாவின் தெற்கில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று, நெர்விலியா ஃபோர்டி, மருந்துக்காகத் தோண்டித் தோண்டி அரிதாகிப்போனது. நாட்டுமருந்துக் கடையில் சாலாமிசிரி என்று விற்பதும் தரை ஆர்க்கிட்டுகளின் கிழங்குதான்; பெரும்பாலும் காட்டிலிருந்து வருவது. உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம் ஊர்க் காப்புக்காட்டில் ஒரு கிழங்கைத் தோண்டினாலும் அது குற்றம். இணையத்தில் "அபூர்வக் காட்டு ஆர்க்கிட் கிழங்கு" என்று படம் போட்டு விற்கிறார்கள். அவை நர்சரியில் பெருக்கியவை என்று யாராவது எனக்குக் காட்டினால் நம்புவேன். அதுவரை வாங்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் செடியைப் பெருக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். 14-இல் தொடங்கி, 3 ஆகி, இந்த வருஷம் சட்டியும் மரத்தடியும் சேர்த்து 31 இலை. இதற்குப் பத்து வருஷம்.

அந்த 31-உம் ஓடுதண்டு வழி வந்தவை. அப்படியானால் எல்லாம் பழைய மூன்று செடிகளின் நகல்கள். ஒரு நோய் வந்தால் எல்லாமே ஒன்றாகப் போகலாம். விதையிலிருந்து ஒன்றாவது வர வேண்டும் என்பதுதான் இப்போது என் ஆசை. இங்கே தானாகக் காய் பிடிக்கவில்லை. காவில் எந்தப் பூச்சி வந்ததோ, அது என் முற்றத்துக்கு வரவில்லை. 2023-இல் தென்னை ஈர்க்கைச் சீவி, ஒரு தண்டின் பூவிலிருந்து மகரந்தக் கட்டியை எடுத்து இன்னொரு தண்டின் பூவில் வைத்தேன். மூன்று நாளில் பூவின் பின்புறம் பருக்கத் தொடங்கியது. பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பூ இருந்தபோது ஒரு சாணாக நின்ற தண்டு, காய் பிடித்ததும் மளமளவென்று நீண்டு உயர்ந்தது. காற்றுப் படும் உயரத்துக்குக் காயைத் தூக்கிப் பிடிக்கிறது. வெடிக்கும் முன் காயில் துணிப்பை கட்டினேன், ஆனால் தாமதம். முக்கால்வாசி பறந்துவிட்டது.

2024-இல் சரியாகக் கட்டினேன். விதையை மரத்தடியில் சும்மா தூவினால் முளைத்தாலும் எது விதை வழி வந்தது, எது ஓடுதண்டு வழி வந்தது என்று தெரியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1993-இல் ஹன்னே ராஸ்முசென், டென்னிஸ் விகம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. விதையை நுண்ணிய நைலான் வலைக்குள் வைத்து மண்ணில் புதைப்பது. பூஞ்சை உள்ளே போகும், விதை வெளியே வராது. வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் துண்டுத் துணி வாங்கி, தீப்பெட்டி அளவில் ஆறு பொட்டலம் தைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை விதை. ஆனி மாசம் இலைகளுக்கு நடுவே, சருகுக்குக் கீழே புதைத்தேன்.

போன ஆடியில் இரண்டை எடுத்தேன். பள்ளி நுண்ணோக்கியில் வைத்து ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். ஒன்றில் வெறும் உறைகள், உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவதில் பெரும்பாலும் அதேதான். ஆனால் ஐந்தாறு விதையில் உள்ளே இருந்த கரு உருண்டு பருத்து உறையை முட்டிக்கொண்டிருந்தது. முளை என்று சொல்ல முடியாது. தண்ணீர் குடித்தாலே அந்த அளவுக்குப் பருக்கும். திரும்ப மடித்து, தைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க முடியாது, அவை போனவைதான்.

நாலு பொட்டலம் இன்னும் மரத்தடியில் இருக்கிறது. மேலே ஒரு மூங்கில் குச்சி, அதில் தேதி. வெயிலிலும் மழையிலும் மை மங்கிவிடுகிறது. மங்கும்போதெல்லாம் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து மேலே ஒருமுறை எழுதிவிட்டுப் போகிறாள்.